ஃபோன் எல்லார் கைக்கும் வந்தாயிற்று, இனி என்ன? ரங்கூன் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2014 முதல் ரங்கூனில் ஃபோன் பழுதுபார்க்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ஃபோனைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டால், அது சரியாகும்வரை எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்க மாட்டார். முன்பெல்லாம் "இதில் ஃபேஸ்புக் வருமா?" என்பதுதான் கேள்வி. இரண்டு மூன்று வருடங்களாகக் கேள்விகளே வேறு மாதிரி. நம் தமிழ் ஆட்கள் கடையிலும் கோயிலிலும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பெகு, தட்டோன், மோல்மேனில் இருக்கும் உறவுகளுக்கும் அனுப்புங்கள்.

புது ஃபோனுக்கும் பழைய ஃபோனுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லையே, ஏன்?

உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. 2007-இல் ஐஃபோன் வந்த பிறகு சுமார் பத்து வருடம் ஒவ்வொரு மாடலும் ஒரு தாவல். கேமரா, திரை, வேகம் எல்லாம் வருடத்துக்கு வருடம் மாறின. அந்தக் காலம் முடிந்தது. உலகம் முழுக்க 2016-இல் ஏறத்தாழ 147 கோடி ஸ்மார்ட்ஃபோன்கள் கடைகளுக்குப் போயின. 2023-இல் அது 117 கோடி அளவுக்கு இறங்கியது. வாங்க வேண்டியவர்கள் வாங்கிவிட்டார்கள், வாங்கியதும் சீக்கிரம் கெட்டுப்போகவில்லை.

கம்பெனிகளும் இதை ஒப்புக்கொண்டுவிட்டன. 2023-இல் கூகுள் தன் பிக்சல் 8 ஃபோனுக்கு ஏழு வருடம் மென்பொருள் புதுப்பிப்பு தருவதாகச் சொன்னது. அடுத்த வருடம் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கு அதையே சொன்னது. வருடா வருடம் மாற்ற வைக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் யாராவது ஏழு வருடம் என்று வாக்குக் கொடுப்பார்களா? என் மேசையிலும் அதே கதைதான். 2015-இல் ஒரு வருடம் ஆன ஃபோனைக் கொடுத்துப் புதியது வாங்குவார்கள். இப்போது ஐந்து வருட ஃபோனைக் கொண்டுவந்து, "பேட்டரி மட்டும் மாத்திக் கொடுங்கண்ணே" என்கிறார்கள். தையல் மெஷின், மிதிவண்டி மாதிரி ஃபோனும் வீட்டுச் சாமான் ஆகிவிட்டது.

நம் நாட்டில் மட்டும் இது ஏன் இவ்வளவு திடீரென்று நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னால் வரும் பல பதில்கள் இதில்தான் நிற்கின்றன.

2010-க்கு முன்னால் பர்மாவில் ஒரு சிம் அட்டை வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் வேண்டும். கல்யாணத்துக்குச் சேர்த்த நகைப் பணம் மாதிரியான தொகை அது. தெருமுனையில் மேசை போட்டு, நிமிடக் கணக்கில் பேசவிட்ட லேண்ட்லைன் கடைகளை நாற்பது வயது தாண்டிய எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2013 ஏப்ரலில் அரசு 3,50,000 சிம்களை 1,500 கியாட் விலையில் குலுக்கல் போட்டு விற்றது. அப்போதைய கணக்கில் இரண்டு டாலர்கூட வராது. 2014 ஆகஸ்டில் கத்தார் கம்பெனி ஊரிடூவும் செப்டம்பரில் நார்வேயின் டெலிநாரும் சேவை தொடங்கின. அதன்பிறகு குலுக்கலும் தேவையில்லை, தெருவுக்குத் தெரு 1,500 கியாட் சிம்.

மற்ற நாடுகளில் முதலில் வீட்டுத் தொலைபேசி, பிறகு கணினி, மின்னஞ்சல், அதற்கப்புறம்தான் ஃபோன். நமக்கு நடுவில் இருந்த படிகள் ஒன்றுமே இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் கேமரா, முதல் கணினி, முதல் தபால்பெட்டி, முதல் டிவி எல்லாம் ஒரே பொருள். இன்டர்நெட் என்றால் ஃபேஸ்புக் என்று ஒரு தலைமுறையே நினைத்தது. கடையில் ஃபோன் வாங்கும்போதே கடைக்காரர் ஒரு கணக்குத் திறந்து கொடுத்துவிடுவார். நானும் அப்படி நூற்றுக்கணக்கானவர்களுக்குத் திறந்து கொடுத்திருக்கிறேன். கடவுச்சொல் என்ன என்று பலருக்குத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டும் தொலைந்திருக்கும். படி ஏறாமல் மாடிக்கு வந்தவர்களுக்கு இறங்கும் வழியும் தெரியாது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இப்போது யாருக்குக் கணக்குத் திறந்தாலும், கடவுச்சொல்லை அவர்களே தட்டி, அவர்களே ஒரு நோட்டில் எழுதும்வரை ஃபோனைக் கொடுப்பதில்லை.

ஃபோன் விற்கவில்லை என்றால் பெரிய கம்பெனிகள் எதில் சம்பாதிக்கின்றன?

வாடகையில். ஃபோன் என்ற வீட்டைக் கட்டி முடித்தாயிற்று, இனி அதற்குள் தண்ணீர், விளக்கு, காவல் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் வசூல். ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நிதியாண்டில் அதன் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு, சுமார் 9,600 கோடி டாலர், செயலிக் கடைக் கமிஷன், சேமிப்பிடம், பாட்டு, விளம்பரம் போன்ற சேவைகளிலிருந்து வந்தது. சேவையில் கிடைக்கும் லாப விகிதம் பொருளில் கிடைப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அடுத்தது எல்லாரும் பேசும் செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ. 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து பணம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகுள், மெட்டா நான்கும் சேர்ந்து 2025-இல் மட்டும் 30,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. அதில் பெரும்பகுதி தரவு மையங்களுக்கும் அவற்றுக்குள் வைக்கும் சிப்புகளுக்கும். அந்தச் சிப்புகளை விற்கும் என்விடியா 2025 அக்டோபரில் 5 லட்சம் கோடி டாலர் சந்தை மதிப்பைத் தொட்டது. வீடியோ கேம் விளையாடுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த கம்பெனி அது.

எனக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஃபோன் காலத்தில் பொருள் நம் கையில் இருந்தது. கெட்டால் பிரிக்கலாம், விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். வரப்போகும் காலத்தில் பொருள் எங்கோ இருக்கும், நமக்குக் கிடைப்பது அதன் நிழல். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

ஏஐ ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்களே?

கொஞ்சம் இருக்கிறது, பெரும்பகுதி இல்லை. ஃபோனுக்குள்ளேயே ஓடும் சிறிய ஏஐ உண்டு. அதற்கு நினைவகம் நிறைய வேண்டும். ஆப்பிள் தன் ஏஐ வசதிகளைக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் உள்ள ஃபோன்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறது. என் கடைக்கு வருபவை பெரும்பாலும் 4 ஜிபி. ஆகவே நம் ஆட்கள் ஏஐயிடம் ஏதாவது கேட்டால், அந்தக் கேள்வி கடல் தாண்டி ஒரு தரவு மையத்துக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. அந்த மையங்கள் மின்சாரத்தைக் குடிக்கின்றன. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-இல் உலகத் தரவு மையங்கள் 415 டெராவாட் மணி மின்சாரம் செலவழித்தன, உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதம். 2030-க்குள் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்கிறார்கள்.

இங்கே நிலைமை உங்களுக்குத் தெரியும். மின்சாரம் முறை வைத்து வருகிறது. வந்ததும் தெரு முழுக்கப் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்துவார்கள், நானும் சூடேற்றும் தட்டைப் போட்டுவிட்டு அவசர வேலைகளை முதலில் எடுப்பேன். மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் தளர்ந்துவிடும். 2021 மார்ச் நடுவில் மொபைல் இணையம் நாடு முழுக்க நிறுத்தப்பட்டு வாரக்கணக்கில் திரும்பவில்லை. 2025 மார்ச் 28-இல் மாண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவு நிலநடுக்கம் வந்தபோது பல ஊர்களோடு பேசவே முடியவில்லை. வெளிநாடுகளில் ஐஃபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம். அந்த வசதி உள்ள நாடுகளின் பட்டியலில் நாம் இல்லை.

அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் செய்து கொடுப்பது இணையம் இல்லாமலும் வேலை செய்யும் ஏற்பாடுதான். வரைபடத்தில் உங்கள் ஊரைப் பதிவிறக்கி வையுங்கள். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழை இறக்கி வைக்கலாம். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, மருந்துச் சீட்டு இவற்றின் படம் ஃபோனிலும் ஒரு மெமரி கார்டிலும் இருக்கட்டும். முக்கியமான பத்து எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள். பழைய பழக்கம் என்று சிரிக்கும் பிள்ளைகள்தான் நிலநடுக்கம் வந்த அந்த மார்ச் மாதத்தில் அப்பாவின் டைரியைத் தேடினார்கள்.

ஏஐக்கு நம் தமிழ் புரியுமா?

தமிழ்நாட்டுத் தமிழ் ஓரளவு நன்றாகவே புரிகிறது. நம் வீட்டுத் தமிழ்தான் தடுமாற வைக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி வந்தார். எண்பது தாண்டிய வயது, கண் மங்கல், எழுத்துத் தெரியாது. பேத்தி ஃபோனில் குரல் தட்டச்சு வைத்துக் கொடுத்திருந்தாள். "நான் சொல்றது ஒண்ணு, இது எழுதுறது ஒண்ணு, ஃபோன் கெட்டுப்போச்சு தம்பி" என்றார். ஃபோனில் ஒரு குறையும் இல்லை. அவர் ஒரே மூச்சில் "சயா வரலைன்னு சொல்லு, பில் போட்டதும் கூப்பிடுறேன்" என்பார். சயா என்றால் வாத்தியார், பில் போடுவது என்றால் ஃபோனில் காசு ஏற்றுவது. நமக்குத் தாய்ப்பால் மாதிரி இயல்பான பேச்சு. மெஷின் 'சயா'வைச் 'சாயா' ஆக்கிவிட்டது. பாட்டி மூன்று முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், மூன்று முறையும் டீதான் வந்தது. எழுபது வருடம் பேசிய பேச்சை ஒரு பொருளுக்காகத் திருத்திக்கொள்ளப் பார்த்த அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

காரணம் எளிது. மெஷின் கேட்டுப் பழகிய குரல்களில் நம் குரல் இல்லை. எழுத்திலும் ஒரு பாதகம் உண்டு. கணினியில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழுக்கும் பர்மிய மொழிக்கும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ஏஐ எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கிறது, நம் எழுத்து பொடிப்பொடியாக நறுங்கிவிடுகிறது. ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு துண்டுகள். துண்டுக் கணக்கில் காசு வாங்கும் சேவைகளில் நாம்தான் அதிகம் கொடுக்கிறோம்.

சிறிய மொழியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு பார்த்துவிட்டது. இங்கே ஃபோன்கள் வந்தபோது பர்மிய எழுத்துக்கு 'ஜாஜி' என்ற எழுத்துரு பரவியது, அது உலகம் முழுக்கப் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு ஒத்துவராது. நம் தமிழிலும் 1990-களில் ஆளுக்கொரு எழுத்துமுறை வைத்துக்கொண்டு ஒருவர் எழுதியது இன்னொருவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்ததே, அதே கூத்து. இங்கே அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-இல்தான். அதற்குள் ஃபேஸ்புக்கில் வெறுப்புப் பேச்சு பெருகி ஓடியது. ஆரம்ப வருடங்களில் அதைப் படித்து நிறுத்த, பர்மிய மொழி தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் அந்தக் கம்பெனியில் இருந்தார்கள். மெஷின்களாலும் அந்த எழுத்துக் குழப்பத்தில் சரியாகப் படிக்க முடியவில்லை. 2018-இல் ஐ.நா. உண்மையறியும் குழு அந்தத் தளத்தின் பங்கைக் கடுமையாகச் சொன்னது, நவம்பரில் கம்பெனியும் தான் செய்தது போதாது என்று ஒப்புக்கொண்டது. உயிர்கள் போன பிறகு வந்த ஒப்புதல். ஆகவே "நம் மொழி அதில் இருக்கிறதா?" என்பது பெருமைக்காகக் கேட்கும் கேள்வி என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

கண்ணாடி, கடிகாரம், சட்டையில் குத்தும் கருவி என்று வருகின்றனவே, ஃபோன் போய்விடுமா?

சீக்கிரம் போகாது. ஆப்பிள் 2024-இல் 3,499 டாலருக்கு ஒரு தலைக்கவசக் கருவி விட்டது, பெரிதாக விற்கவில்லை. அதே வருடம் ஃபோனுக்குப் பதில் என்று 699 டாலருக்கு ஹியூமேன் என்ற கம்பெனி ஒரு ஏஐ பின்னை விற்றது, ஒரு வருடத்துக்குள் மூடிவிட்டார்கள். வாங்கியவர்களிடம் இருந்த கருவியும் அத்தோடு செத்தது, ஏனென்றால் அதன் மூளை கம்பெனியின் சர்வரில் இருந்தது. மெட்டாவின் கேமராக் கண்ணாடி மட்டும் ஓரளவு விற்கிறது. அதற்கும் பின்னால் ஒரு ஃபோன் வேண்டும். இங்கே யாரும் இப்போதைக்கு இவற்றில் பணம் போட வேண்டாம்.

ஃபோன் கம்பெனிகள் கார் செய்கின்றன என்கிறார்களே, நமக்கு என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது, அதுவும் நம் மண்ணில்.

ஃபோனுக்காக வளர்ந்த பேட்டரி, சிப், மோட்டார், கேமரா எல்லாம் சேர்ந்தால் பாதி மின்கார் தயார். சீன ஃபோன் கம்பெனி ஷாவ்மி 2024 மார்ச்சில் தன் முதல் காரை விற்பனைக்கு விட்டது. ஆப்பிள் பத்து வருடம் முயன்று, அதே வருடம் பிப்ரவரியில் கைவிட்டது. ரங்கூன் தெருவில் சீனாவின் பிஒய்டி மின்கார்கள் ஓடுவதைப் பார்க்கிறீர்கள்.

இப்போது என் மேசைக்கு வாருங்கள். ஒரு ஃபோனின் பலகையில் ஈயம் உருக்கி வைக்கும்போது, உருகிய துளி வெள்ளிக் கண்ணீர் மாதிரி ஒரு கணம் மின்னிவிட்டு மங்கும். அதில் பெரும்பங்கு வெள்ளீயம். உலகில் வெட்டியெடுக்கும் வெள்ளீயத்தில் பாதிக்குக் கிட்டத்தட்ட இந்தப் பற்றவைப்புக்குத்தான் போகிறது. அதில் கணிசமான பங்கு நம் நாட்டின் சீன எல்லையோரம், 'வா' இனத்தவரின் பகுதியில், மான் மாவ் சுரங்கங்களிலிருந்து வந்தது. 2023 ஆகஸ்டில் 'வா' நிர்வாகம் அங்கே வேலையை நிறுத்தியபோது உலகச் சந்தையே திரும்பிப் பார்த்தது.

அடுத்து அதிர்வு மோட்டார். மிளகு அளவு காந்தம் அதற்குள் இருக்கும், என் இடுக்கியில் ஒட்டிக்கொண்டு விடாது. இத்தகைய காந்தங்கள் அரிய மண் தனிமங்களால் ஆனவை. மின்காரின் மோட்டாருக்கு இதைவிட மிகப் பெரிய காந்தம் வேண்டும். சூட்டில் அது வலு இழக்காமல் இருக்க டிஸ்புரோசியம், டெர்பியம் என்ற கனமான அரிய மண் தனிமங்களைச் சேர்க்க வேண்டும். சீனா பயன்படுத்தும் அந்தக் கனமான வகையில் பெரும்பகுதி நம் கச்சின் மலைகளிலிருந்து போகிறது, பாங்வா, சிப்வி பக்கம். மலை உச்சியில் குழி போட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே விடுகிறார்கள். அது மண்ணில் இருக்கும் அந்தத் தனிமங்களைக் கரைத்துக்கொண்டு அடிவாரத்துக் குட்டைகளில் வந்து சேரும். மலை சரிகிறது, ஓடைத் தண்ணீர் கெடுகிறது. 2024 அக்டோபரில் பாங்வா கச்சின் சுதந்திரப் படையின் கைக்குப் போனதும் உலக கம்பெனிகள் கவலைப்பட்டன, விலைக்காக. மலையில் இருப்பவர்களைப் பற்றி அந்தக் கவலையில் ஒரு வரி இல்லை.

புகையில்லாத கார் நல்லதுதான், நானும் விரும்புகிறேன். ஆனால் தொழில் ஃபோனிலிருந்து காருக்கு நகரும்போது நம் மலைகள்மீது விழும் பாரம் கூடுகிறது. பாரம் சுமப்பவர்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஃபோன் செய்யும் தொழில் சீனாவிலிருந்து பிரிந்து பரவுகிறது. உலகின் ஐஃபோன்களில் ஐந்தில் ஒன்றுக்குக் குறையாமல் இப்போது இந்தியாவில் தயாராகிறது. அதில் பெரும்பங்கு தமிழ்நாட்டில், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம், பெரும்பாலும் இளம்பெண்களின் கையால். நம் தாத்தாக்கள் பிழைக்கக் கப்பலேறி வந்த அந்த நிலத்தில் செய்த ஃபோன் சில சமயம் என் மேசைக்கு வருகிறது. பிரிக்கும்போது எனக்கு ஏதோ செய்யும்.

ஃபோன் விலை ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

கியாட் மதிப்பு விழுந்தது முதல் காரணம், அது உங்களுக்கே தெரியும். 2022 ஜனவரியில் புது சிம்முக்கு 20,000 கியாட் வரி போட்டார்கள். 1,500 கியாட்டுக்குச் சிம் வாங்கிய நாட்டில்! புதிதாகச் சேர்ந்த காரணம் நினைவகச் சிப். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும்தான் உலகின் பெரும்பகுதி நினைவகத்தைச் செய்கின்றன. ஏஐ மையங்கள் அதிக விலை கொடுப்பதால் அவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள், 2025 இறுதியில் ஃபோன் நினைவகத்தின் விலை எகிறியது. மலிவு ஃபோன்களுக்குத்தான் அடி அதிகம். இருக்கிற ஃபோன் ஓடுகிறதென்றால் பேட்டரி மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள்.

காசையெல்லாம் ஃபோனில் வைக்கலாமா?

அன்றாடச் செலவுக்கு வைக்கலாம், முழுச் சேமிப்பை வைக்க வேண்டாம். ஃபோனிலேயே பணம் அனுப்பும் சேவைகளான வேவ் மனி 2016-இலும் கேபிஇசட் பே 2018-இலும் வந்தபோது நான் சந்தேகப்பட்டேன். 2021-இல் வங்கி வாசலில் விடிகாலை முதல் வரிசை நின்ற நாட்களில் அவைதான் பல குடும்பங்களைக் காப்பாற்றின. இன்று காய்கறிக்காரரும் கியூஆர் அட்டை தொங்கவிட்டிருக்கிறார். தொழிலின் அடுத்த பெரிய வருமானம் இங்கேதான், அதனால் கடன், தவணை, காப்பீடு எல்லாம் அந்தத் திரையிலேயே கண்ணைப் பறிக்கும். இணையம் நின்றால் அந்தப் பணம் இருந்தும் இல்லாத மாதிரி. பத்து நாள் அரிசிக்கு ஆகும் நோட்டு வீட்டில் இருக்கட்டும்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று ஒருவர் கூப்பிடுகிறார். போகலாமா?

தயவுசெய்து நின்று யோசியுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது என் கை வேலை செய்யாது, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவேன்.

தொழில்நுட்பம் போகும் இருட்டுத் திசை இது. மியாவடிப் பக்கம், தாய்லாந்து எல்லை ஆற்றங்கரையில், கேகே பார்க், ஷ்வே கொக்கோ என்று மதில் சூழ்ந்த வளாகங்கள் எழுந்தன. இங்கே அதை 'ஜாபியான்' என்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் நாள் முழுக்க ஃபோனில் அன்பாகப் பேசி, முதலீடு என்று சொல்லி, உலகம் முழுக்க உள்ளவர்களின் பணத்தைப் பிடுங்க வேண்டும். அந்த வேலைக்குத் தரவு உள்ளிடுதல், வாடிக்கையாளர் சேவை என்று பொய் சொல்லி ஆள் பிடிக்கிறார்கள். விமானச் சீட்டு அனுப்புவார்கள், பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி எல்லை தாண்டிவிடுவார்கள், கடவுச்சீட்டைப் பறித்துவிடுவார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இலங்கைப் பிள்ளைகளும் சிக்கியிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் 500-க்கு மேற்பட்ட இந்தியர்களை இரண்டு நாட்களில் விமானப்படை விமானங்களில் மீட்டுக் கொண்டுபோனார்கள். அதே வருடம் அக்டோபரில் அந்த வளாகங்களின் அருகே இருந்த, செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் 2,500-க்கு மேற்பட்ட ஸ்டார்லிங்க் தட்டுகளை நிறுத்தியதாக அதை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி சொன்னது. டவர் இல்லாத மலைக்கிராமத்துக்கு உயிர்நாடியாக இருக்கும் அதே தட்டு, அங்கே திருட்டுக்கு உதவியது.

சுற்றுலா விசாவில் வேலைக்கு வா என்றால் அது வேலை இல்லை. நேர்காணலே இல்லாமல் பெரிய சம்பளம் என்றாலும் அப்படித்தான். கம்பெனியின் முகவரி கேட்டால் மழுப்புகிறவரிடம் கடவுச்சீட்டின் படத்தைக்கூடக் காட்டாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. ஏஐ வந்தபின் மோசடிக்காரன் தமிழிலேயே எழுதுகிறான், சில நொடிக் குரல் கிடைத்தால் உங்கள் மகன் குரலிலேயே பேச வைக்கிறான். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எங்கள் அம்மாச்சி வளர்த்த பசுவின் பெயர். அவசரம், பணம் அனுப்பு என்று யார் அழைத்தாலும் முதலில் அந்தப் பெயரைக் கேட்போம்.

பிள்ளையை எதில் விடலாம்? ஏஐ படிப்பா, கைத்தொழிலா?

இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். வெறும் திரை மாற்றும் வேலை மெல்லிதாகிக்கொண்டு வருகிறது, உண்மை. ஆனால் பேட்டரி, இன்வெர்ட்டர், சூரியத்தகடு, மின்வண்டி வேலைக்கு இங்கே ஆள் போதவில்லை. ஃபோன் பலகையை அளக்கத் தெரிந்த பையன் ஆறு மாதத்தில் அதற்கு மாறிவிடுவான். என்னிடம் கற்ற மூன்று பேர் இப்போது கூரைமேல் தகடு போடுகிறார்கள், என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்கள்.

படிப்பில் நாட்டம் உள்ள பிள்ளைக்கு ஃபோன் மட்டும் கொடுத்து விட்டுவிடாதீர்கள். விசைப்பலகை உள்ள ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுங்கள். ஃபோன் பார்ப்பதற்கு, கணினி செய்வதற்கு. நாம் தாண்டி வந்த அந்தப் படியில் பிள்ளையாவது ஒருமுறை நிற்கட்டும். கோயில் தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளையாக இருந்தால் தமிழ்த் தட்டச்சும் பழகட்டும். தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் எழுதத் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பிலும், ஏஐ தரும் பதில்களைச் சரிபார்ப்பதிலும் வேலை வந்துகொண்டிருக்கிறது.

பழைய ஃபோனைத் தூக்கிப் போடலாமா?

குப்பையில் போடவே கூடாது. பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு, உள்ளே பேட்டரி குட்டித் தலையணை மாதிரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், மணல் போட்ட தகர டப்பாவில் வைத்துக் கடைக்குக் கொண்டுவாருங்கள். குத்தினால் முதலில் பழம் அழுகிய மாதிரி இனிப்பு வாடை வரும், அடுத்த நொடி தீ. என் இடது கைப் பெருவிரலில் அதன் தழும்பு இருக்கிறது.

பேட்டரி மாற்றினால் பெரும்பாலான ஃபோன்களுக்கு இரண்டாவது ஆயுள் உண்டு. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து பேட்டரியை வாங்கியவரே கழற்றக்கூடிய விதத்தில் செய்ய வேண்டும் என்று சட்டம் வருகிறது. அங்கே போட்ட சட்டம் சில வருடத்தில் இங்கே வரும் ஃபோனிலும் தெரியும், டைப்-சி ஓட்டை வந்த மாதிரி.

அந்த இரண்டாவது ஆயுளில் ஒரு வேலை கொடுக்கலாம். சிம் வேண்டாம், இணையம் வேண்டாம், ஒலிப்பதிவுச் செயலி மட்டும் போதும். வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் கேட்ட கதை, நடவுப் பாட்டு, பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு நடந்துபோன வழி, எதுவானாலும் அவர்கள் பேசுகிறபடியே பேசட்டும், பர்மியச் சொல் கலந்தே பேசட்டும். அந்தப் பாட்டியின் ஃபோனில் இதுவரை நாற்பது பதிவுகள் ஆகிவிட்டன. 'சயா' என்று அவர் சொல்லும் இடங்களில் பேத்தி நேரம் குறித்து, பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டு வருகிறாள். பதிவுகளை ஒரு மெமரி கார்டிலும் ஒரு ஹார்ட் டிஸ்கிலும் வைத்திருக்கிறோம். அனுமதி கொடுப்பவர்களின் பதிவை மட்டும்தான் மற்றவர்களோடு பகிர்வோம்.

கார்டு இருந்தால் கொண்டுவாருங்கள், நகல் எடுப்பதற்குக் காசு இல்லை. மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து வந்தால் உடனே முடித்துத் தருவேன்.